இரவல் சட்டி

எதிர் வீட்டு ஆ லானிடம் இரவல் வாங்கிய மருந்துச் சட்டியை ஆதிமூலம் திருப்பிக் கொடுத்துவிட்டார். தப்பு அதுதான். கழுவி, காயவைத்து, வெறும் பாத்திரமாகக் கொடுக்கக் கூடாதென்று உள்ளே ஒரு கை சீனி போட்டு, எதிர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். எழுபத்து நாலு வயதில் அவர் தானாக முன்வந்து செய்த மரியாதைகளை எண்ணினால் பத்து தேறாது. அதில் ஒன்று இப்படி ஆயிற்று.

மணி ஒன்பதே கால். தாமான் குடியிருப்புக்கு இன்னும் வெயில் வரவில்லை. சுண்ணாம்பு மலை மறைத்துக்கொண்டு நின்றது. ஈப்போவில் இந்தப் பக்கம் வெயிலுக்கே சோம்பல். கார் நிற்க வேண்டிய இடத்தில் கார் இல்லை, நாலு வருஷத்துக்கு முன்பே மகள் வந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள், அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். காலடியில் எவர்சில்வர் பேசின். அதில் மருந்து ஊறிக்கொண்டிருந்தது. அரை மணி ஊற வேண்டும், அப்புறம் மூன்று கிண்ணம் தண்ணீர் ஊற்றி ஒரு கிண்ணமாகச் சுண்டவைக்க வேண்டும். சுண்டவைக்கச் சட்டி வேண்டும். சட்டி எதிர் வீட்டு வாசல் தூணின்மேல் ஒன்பது நாளாக உட்கார்ந்திருந்தது, இப்போது இல்லை. சட்டியும் இல்லை, அதைக் கேட்கப் போனவளும் இல்லை. போய் அரை மணியாகிறது. ஒரு சட்டி கேட்க அரை மணியா? தெருவின் அகலம் பதினாறு அடி. சாக்கடைமேல் சிமெண்டுப் பலகை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. நடந்தால் இருபது எட்டு. அவள் நடந்தால் இருபத்தெட்டு. அவள் என்றால் அவள். காலையிலிருந்து பேர் வரவில்லை. ஐந்தரைக்கு விழிப்பு வந்ததும் வழக்கம்போலத் தன்னையே சோதித்துக்கொண்டார், மகள் பேர் யசோதா வந்தது, எதிர் வீட்டுக்காரன், ஆ லான் புருஷன், பேர் ஹெங் வந்தது, பக்கத்தில் போர்வைக்குள் முழங்கையை மடக்கிப் படுத்திருந்தவளின் பேர் மட்டும் வரவில்லை. வரும், எங்கே போகும் என்று எழுந்துபோய்ப் பல் தேய்த்தார். பல் தேய்த்த பிறகும் வரவில்லை. காப்பி குடித்த பிறகும் வரவில்லை. பல்லில் நார் மாட்டினாற்போல, நாக்கு அங்கேயே போய்ப் போய்த் தடவிப் பார்த்தது.

முதல்முறை கிளினிக்கில். அவளுடைய ரத்த அழுத்த மாத்திரைக்காக நம்பர் எடுக்கப் போனார். கவுண்டரில் இருந்த பெண் தலையைத் தூக்காமல் பேர் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். வாய் திறந்தது, அவ்வளவுதான். மின்சார இலாகாவில் முப்பத்தொரு வருஷம் மீட்டர் பார்த்தவர். இந்தத் தெருவுக்கே எண்பத்தாறில் முதல் ரீடிங் எடுத்தது அவர்தான். எதிர் வீடு பதினேழாம் நம்பர், மீட்டர் எண் பூஜ்யம் நாலு நாலு ஒன்று ஏழு. கேட்டால் இப்போதும் சொல்வார். யார் கேட்கிறார்கள். அதற்கு அடுத்த வீட்டு நாய் கறுப்பு, இடது காது கிழிசல், மீட்டர் பெட்டிக்கு அடியில்தான் படுக்கும். அதெல்லாம் இருக்கிறது. நாயின் காது இருக்கிறது. நாற்பத்தாறு வருஷம் சோறு போட்டவளின் பேர் இல்லை. அந்தப் பெண் மறுபடி கேட்டாள், "அங்கிள், பேஷண்ட் பேரு?" பின்னால் வரிசை. அவர் கையிலிருந்த அவளுடைய அடையாள அட்டையை, ஐசியை, கவுண்டர்மேல் விட்டெறிந்தார். "எழுதியிருக்கு பாரு. படிக்கத் தெரியாதா?" பாவம், அவளுக்குப் படிக்கத் தெரியும். கொஞ்ச நேரத்தில் ஒலிபெருக்கியில் பேரைக் கூப்பிட்டார்கள், அட, இதுதானே என்று தோன்றியது, இதுக்கா அந்தப் பாடு என்று தோன்றியது, வேர்வை அடங்கியது. ஆனால் அன்றிலிருந்து அது வருவதும் போவதுமாக இருக்கிறது. பழகாத பூனை மாதிரி. கூப்பிட்டால் வராது, கூப்பிடாதபோது வந்து காலை உரசும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுகிற விஷயமா இது? அவளிடமா போய்ச் சொல்வது? இந்தா, உன் பேர் எனக்கு மறந்துபோச்சு என்று?

இந்தா. அதுதான் அவர் வைத்த பேர். கல்யாணமான மறுநாளிலிருந்து இந்தா. கோபம் வந்தால் ஏய். யசோதா பிறந்த பிறகு அம்மா எங்கே. தெருவுக்கு அவள் அக்கா. சீனர் வீடு, மலாய்க்காரர் வீடு, ரொட்டிக்காரன், எல்லாருக்கும் அக்கா. கோயிலில் அர்ச்சனைக்குக்கூட அவர் பேர், மகள் பேர், பேரப்பிள்ளை பேர் சொல்லிவிட்டுத் தன் பேரைச் சொல்லாமலே தட்டை நீட்டுவாள். அப்புறம் எப்படி ஞாபகம் இருக்கும்? புழங்காத சாமான் துருப்பிடிக்கத்தான் செய்யும். இது சமாதானம் என்று அவருக்கே தெரிந்தது. அலமாரியில் அவள் கைப்பை இருக்கிறது, கைப்பையில் ஐசி இருக்கிறது, எழுந்துபோய்ப் பார்க்க எத்தனை நேரம் ஆகும்? பார்க்க மாட்டார். இலாகாவில் சில பேர் இருந்தார்கள், ரோட்டில் இறங்காமல் காப்பிக்கடையில் உட்கார்ந்து போன மாசக் கணக்கைப் பார்த்து இந்த மாசத்துக்கு உத்தேசமாக எழுதிவிடுவார்கள். அவர் ஒருநாளும் எழுதினதில்லை. மழையானாலும் நாயானாலும் பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துத்தான் எழுதுவார். ஐசியைப் பார்த்து அவள் பேரைத் தெரிந்துகொள்வது அந்தக் காப்பிக்கடை வேலை. தானாக வர வேண்டும். வராவிட்டால்? வராவிட்டால் ஓவர்சியர் ஞானாதிக்கம் இருந்தார் ஒருத்தர், ஓய்வு பெற்று ஏழாம் வருஷம், தட்டில் சோறு வைத்த சம்சாரத்தைப் பார்த்து, "ரொம்ப நன்றிங்கம்மா, உங்க வீட்டுக்காரர் வெளியே போயிருக்காரா?" என்று கேட்டாராம். அந்தம்மா இதைச் சொன்னபோது எல்லாரும் சிரித்தார்கள். ஆதிமூலமும் சிரித்தார். நல்லாத்தான் சிரித்தார். அந்தம்மா சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

எதிர் வீட்டில் கதவு திறந்திருந்தது, உள்ளே இருட்டு. பேச்சுச் சத்தம் வந்தது, என்ன பேச்சென்று தெரியவில்லை. அவளுடைய மலாய் சந்தை மலாய், ஆ லானுடைய மலாய் அதைவிட மோசம், இரண்டு பேரும் இருபது வருஷமாக அதில்தான் உலகத்தையே பேசி முடிக்கிறார்கள். ஏச்சு விழுகிறதோ? விழட்டும். இல்லை, விழக்கூடாது, செய்தது அவள் இல்லை. வீட்டுச் சாவியைக் குளிர்ப்பெட்டியில் வைத்தார், குழாயைத் திறந்து விட்டுவிட்டுத் தூங்கினார், கெண்டியைக் காயவைத்துக் கருக்கினார், இந்த மூன்றையும் அவள்தான் ஆ லானிடம் சொல்லியிருக்கிறாள். ஆ லான் தன் சின்சேயிடம் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள். அவரிடம் சொன்னது வேறு. "எனக்கு முட்டி வலி. பழைய டவுன்ல சீன வைத்தியர் ஒருத்தர் இருக்காராம். துணைக்கு வாங்க." போனார். போனால் சின்சே அவள் முட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். மூன்று விரல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டான். சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மருந்து இழுப்பறை. அந்தக் கிழவன் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துப் பக்கம் கடை வைத்திருந்தவன், தமிழ் பேசினான். "உனக்கு என்னா மறக்குது?" "ஒண்ணும் மறக்கலே." "ஒண்ணும் மறக்கலியா? அப்போ ஏன் வந்தே?" "இவளுக்கு முட்டி வலி." சின்சே சிரித்தான். அவள் சாவி, குழாய், கெண்டி என்று மூன்றையும் ஒப்பித்தாள். "வேறே?" என்று கேட்டான் சின்சே. அவரைப் பார்த்துத்தான் கேட்டான். "வேறே ஒண்ணுமில்லே" என்றார் ஆதிமூலம். அவள் கடை வாசலில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏழு நாளைக்கு ஏழு பொட்டலம். கசப்பென்றால் கசப்பு, ஒவ்வொரு பொட்டலத்தோடும் வாய்க்குப் போட உப்புப் பிளம் ஒன்று, குழந்தைக்குக் கொடுக்கிற மாதிரி. ஆ லான்தான் சட்டியைக் கொடுத்தாள். அவள் மாமியார் காலத்துச் சட்டி, மண், பக்கவாட்டில் ஒரு கைப்பிடி, முன்னால் ஒரு மூக்கு, அடி கருகல். எவர்சில்வரில் காய்ச்சினால் மருந்து கெட்டுவிடுமாம். ஏழாம் நாள் முடிந்தது. அன்று வெள்ளிக்கிழமை, இவள் கோயிலுக்குப் போயிருந்தாள். சாமான் வாங்கினால் கொடுக்க வேண்டாமா? இவள்தானே எப்போதும் சொல்வது, அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமனே அனுப்பாதீங்க என்று. பிரஷ் போட்டுத் தேய்த்தார், சீனி போட்டார், கொண்டுபோனார். ஆ லான் சட்டியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அங்கிள், தாக் போலே லா! தாக் போலே!" கூடாது, கூடாது என்கிறாள். மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்தார். வாழைப்பழம் கொடுத்தால்கூட முதலில் வேண்டாமென்பார்கள், அப்புறம் வாங்குவார்கள். "போலே, போலே", அதெல்லாம் ஆகும் என்று சொல்லி, சட்டியை வாசல் தூணின்மேல் வைத்துவிட்டு வந்தார். வந்து திருப்தியாக ஒரு காப்பி குடித்தார். மூன்றாம் நாள் ஹெங் குளியலறையில் வழுக்கி விழுந்தான். எலும்பு முறியவில்லை, இடுப்பு பிசகிப் படுத்துவிட்டான். காலையில் வாசல் கூட்டும்போது ஆ லான் தலையசைப்பாள். அது நின்றது. சட்டி மட்டும் தூணிலேயே இருந்தது. உள்ளே எடுக்கவுமில்லை, வீசவுமில்லை. சீனிக்கு எறும்பு வந்து போயிற்று.

அடுத்த ஏழு பொட்டலம் வாங்கப் போனபோதுதான் சின்சே சொன்னான். "சட்டி திருப்பிக் குடுத்தியா? அய்யோ. மருந்து சட்டி வீட்டுக்கு அனுப்பக் கூடாது. யாருக்கு சீக்கோ அவன் வெச்சிக்கணும். சொந்தக்காரனுக்கு வேணும்னா அவனே வந்து எடுப்பான். நீ அனுப்பினது சட்டி இல்லே, உன் சீக்கு. சீனி வேறே போட்டியா?" என்று சிரித்துச் சிரித்து மேசையைத் தட்டினான். அவள் சிரிக்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். "நம்ம மரியாதை அவங்களுக்கு அவமரியாதையாப் போச்சே" என்றாள், அவரிடம் இல்லை, ஜன்னலிடம். அவர், "மூடநம்பிக்கை" என்றார். "குளியலறைல சோப்புத் தண்ணி, வழுக்கி விழுந்தான், அதுக்கு நான் என்ன பண்ணுவேன்?" அவள் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாதபோது அவள் சரி, அவர் தப்பு. இது நாற்பத்தாறு வருஷ ரீடிங். இன்று காலை பேசினில் மருந்தைக் கொட்டித் தண்ணீர் ஊற்றிவிட்டு, "நான் போய்க் கேட்கிறேன்" என்றாள். "என்னத்தை?" "சட்டியை. மறுபடி இரவல்." "கடையில இல்லாத சட்டியா? புதுசு வாங்கினாப் போச்சு." "புதுசு வாங்கினா அந்தச் சட்டி அங்கேயேதானே நிக்கும்? அனுப்பினது நம்ம சீக்கு, நாமதான் போய் எடுத்துக்கணும்." "கொடுத்ததை எந்த மூஞ்சியை வெச்சிக்கிட்டுக் கேப்பே?" "உங்க மூஞ்சிய வெச்சுக் கேட்டாத்தானே கஷ்டம். என் மூஞ்சி நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, கையில் ஒரு பழம்கூட எடுத்துக்கொள்ளாமல், இரவலுக்குப் போகிறவள் எப்படிப் போவாளோ அப்படி, வெறுங்கையை வீசிக்கொண்டு போனாள்.

பேசினைப் பார்த்தார். தண்ணீர் தேயிலை நிறத்துக்கு வந்திருந்தது. வெள்ளையாகச் சதுரச் சதுரமாக ஒன்று, தேங்காய்ச் சில்லு மாதிரி, தேங்காய் இல்லை. சுருண்ட வேர் ஒன்று, காய்ந்த புழு மாதிரி, உள்ளே குழல். சிவப்புப் பழம் பத்துப் பதினைந்து, ஊறி உப்பி மிதந்தது. அப்புறம் வட்ட வட்டமாக நறுக்கின ஒரு கிழங்கு, ஓரத்தில் மயிர். ஏழு நாள் குடித்தும் இதையெல்லாம் அவர் பார்த்ததில்லை, கிண்ணத்தில் கறுப்பாக வந்ததை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினதோடு சரி. கிளறாதீங்க என்று சொன்னாளே என்று கிளறினார். அந்த வட்டத்தில் ஒன்றை எடுத்து மோந்தார். வாசனை நேரே மண்டைக்கு ஏறியது. இது தெரியும். இது எங்கேயோ. சீனன் சரக்கு இல்லை இது. ஈரத் துணி, விளக்கெண்ணெய், சுட்ட புகை. குவார்ட்டர்ஸ் வீடு, பெட்ரூம் பல்ப் நாற்பது வாட்ஸ், யசோதா கைக்குழந்தை, வயிறு உப்பிக்கொண்டு அழுகிறது, அவள் விளக்கில் ஒரு துண்டைச் சுட்டுக் கல்லில் உரசிக் குழந்தை நாக்கில் தடவுகிறாள். வசம்பு. வசம்பேதான். இல்லை, வசம்புக்கு அண்ணனோ தம்பியோ, சீனாவில் பிறந்தது. கடலைத் தாண்டிப் போனாலும் குடும்ப மூக்கு போகாது. அன்றைக்கு அவர் கேட்டார், "என்ன அது, வசம்பா?" அவள் பதறிப்போய் வாயைப் பொத்தினாள், அவள் வாயை இல்லை, அவர் வாயை, மையாக இருந்த அந்த விரலோடு. "பேரைச் சொல்லாதீங்க. பிள்ளை வெச்சிருக்கிற வீட்டுல அதுக்குப் பேர் சொல்லாததுன்னுதான் பேர்." அவர் மீசையில் கரி. அவள் சிரித்தாள். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயசு, முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும், சிரித்தால் மேலுதட்டை இழுத்து அதை மூடுவாள். அப்போது அவர் என்னவோ சொன்னார். "பேர் சொல்லாததுன்னா நீயும்தான் அது. உன் பேரை நான் எப்ப சொன்னேன்?" அவள், "சொல்லுங்களேன் ஒருதரம்" என்றாள். அவர் சொன்னாரா? சொன்னார். காதுக்குப் பக்கத்தில், குழந்தை முழித்துவிடாமல், ஒரே ஒருதரம். என்ன சொன்னார்? உதடு ஞாபகம் இருக்கிறது. பல் உதட்டில் பட்டது. அவள் காதில் கம்மல், கம்மலில் சிவப்புக் கல் இல்லாத குழி. அந்தக் குழி தெரிகிறது. சத்தம் மட்டும் இல்லை. ரேடியோவில் ஒலியைக் குறைத்து வைத்தாற்போல, ஆள் பேசுகிறது, வாய் அசைகிறது. எழுந்துவிடலாமா என்று பார்த்தார். அலமாரி, கைப்பை, ஐசி. இருபது எட்டுகூட இருக்காது. நாற்காலியின் கையைப் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

மலைக்கு மேல் வெயில் ஏறி, தெருவின் அந்தப் பாதியில் விழுந்தது. எதிர் வீட்டில் யாரோ சிரித்தார்கள். ஆம்பிளைச் சிரிப்பு, ஹெங். சிரித்துவிட்டு "ஆயோ" என்றான், இடுப்பு. அப்போது அவள் வெளியே வந்தாள். இரண்டு கையாலும் சட்டியைப் பிடித்திருந்தாள், மூக்கு முன்னால், வயிற்றோடு அணைத்து, அதன்மேல் மூடி. பின்னால் ஆ லான் வாசல்வரை வந்தாள், வந்து, இத்தனை நாளாகப் பார்க்காத கண்ணால் அவரைப் பார்த்து, தலையசைத்தாள். பெரிய அசைப்பு இல்லை. போதும். அவள் அந்தப் பக்கத்துச் சிமெண்டுப் பலகையில் கால் வைத்தாள். பலகை ஒரு பக்கம் ஆடும், எத்தனை தடவை நகராட்சிக்குப் போன் பண்ணியாயிற்று, ஆடியது, மூடி சரிந்தது, அவளுக்குத் தெரியவில்லை, கீழே பார்த்து நடந்தாள், மூடி விளிம்புக்கு வந்துவிட்டது, அது ஆ லான் மாமியார் காலத்து மூடி, கீழே சாக்கடை. அவர் வாய் திறந்தது. கவுண்டரில் திறந்த அதே வாய். திறந்ததும் உள்ளிருந்து பேர் வந்தது, முழுசாக, கரகரவென்று, தெருவுக்கே கேட்கிறமாதிரி. அவள் நின்றாள். நின்றதில் மூடியும் நின்றது. முகவாயால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். ஆ லான் பார்த்தாள். பத்தொன்பதாம் நம்பர் வீட்டுக்காரி, ரொட்டி வாங்க வந்தவள், பார்த்தாள்.

அவள் இருபத்தெட்டு எட்டு நடந்து வந்தாள். சட்டியை அவர் காலடியில் வைத்தாள். மூச்சு வாங்கியது.

"என்ன, தெருவுல பேரைச் சொல்லிக் கூப்பிடுறீங்க?"

"மூடி" என்றார். "மூடி விழப் பார்த்துச்சு."

"விழுந்தா விழுந்துட்டுப் போகுது." பேசினைப் பார்த்தாள். "கிளறாதீங்கன்னு சொன்னேன்."

"ஹெங் எப்படி?"

"எந்திரிச்சு உக்காந்துட்டான். சீனியைத் தின்ன எறும்புக்குத்தான் இந்நேரம் ஞாபக சக்தி வந்திருக்கும்னு சொல்லிச் சிரிக்கிறான். ஆ லான்தான் கொஞ்சம் அழுதா. சட்டியை மறுபடி கேட்டு வந்தீங்களேன்னு." புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்தாள். அப்புறம் அவரைப் பார்க்காமல், மருந்தை அள்ளிச் சட்டியில் போட்டுக்கொண்டே, "கிளினிக்ல நான் உங்க பின்னாடிதான் நின்னேன்" என்றாள்.

அவர் பேசினைப் பார்த்தார். வெயில் இந்தப் பாதிக்கும் வந்துவிட்டது. காலில் பட்டது.

"மூணு வாரமா தெரியும்" என்றாள். "வேறேன்னு சின்சே கேட்டாரே, நீங்களாச் சொல்வீங்கன்னு பார்த்தேன்."

"உனக்கு வேற வேலை இல்லை."

"எத்தனை கிண்ணம் ஊத்தணும்?"

"மூணு."

"எத்தனையாச் சுண்டணும்?"

"ஒண்ணு. என்ன, பரீட்சையா வைக்கிறே?"

"ஆமா." சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள். மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொண்டாள். "நீங்க கெடுத்து வெச்சதை வெறுங்கையோட போய்ச் சரிபண்ணிட்டு வந்தது யாரு?"

ஆதிமூலம் தெருவைப் பார்த்தார். எதிர் வீட்டுத் தூண் காலியாக இருந்தது. அவசரப்படாமல், ஒவ்வொரு எழுத்தாக, கண்ணால் பார்த்து எழுதுகிறவர் மாதிரி சொன்னார்.

"தவமணி."